சாம்பல் தாளுக்குக் கீழே

துணைமாலையம்மன் துணை

அருப்புக்கோட்டை
3.2.2025

அன்புள்ள மதினிக்கு சங்கரி எழுதுவது.

கையில் போன் இருக்கும்போது இவள் எதற்குத் தபாலில் எழுதுகிறாள் என்று கவரைப் பார்த்ததுமே உங்களுக்குத் தோன்றியிருக்கும். சனிக்கிழமை மத்தியானத்திலிருந்து அண்ணனுக்கு அடித்துப் பார்க்கிறேன், மணியே போகவில்லை. உங்கள் போனுக்கும் அதே கதைதான். கடையில் லோடு இறங்குகிறது போல என்று நானாகவே சொல்லிக்கொண்டிருந்தேன். எங்க வீட்டுக்காரர் என் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "லோடும் இல்ல, ஒண்ணும் இல்ல. உன் நம்பரைத் தடுத்து வச்சிருக்காக" என்றார். அவர் போனிலிருந்து அடித்தால் மணி போகிறது. எடுக்கத்தான் ஆள் இல்லை.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை மதினி. வெள்ளிக்கிழமை நாங்கள் திருச்சுழிக்கு வந்து, பிரியாவின் காதுகுத்துக்கு முதல் பத்திரிகையை அண்ணன் கையில் கொடுத்தபோது அவர் முகத்தை நீங்களும்தானே பார்த்தீர்கள்? தாம்பாளத்து வெற்றிலையை எடுத்துப் பிள்ளை கையிலேயே கொடுத்து, மாமன் மடியில் அழாமல் உட்காருவாயா என்று கேட்டார். நாங்கள் சுருட்டிக் கொண்டுவந்திருந்த ஃபிளக்ஸ் படத்தை நீயா வரைந்தாய் என்று என்னிடம் கேட்டதற்கு, "நான் எங்கண்ணே வரைஞ்சேன், அம்மன்தான் என் கையைப் பிடிச்சு வரைய வச்சா" என்றேன். சிரித்துக்கொண்டார். சாயங்காலம் கடைக்கு எதிரே அதைக் கட்டிவிட்டு நாங்கள் பஸ் ஏறினோம். கடை அடைத்திருந்ததால் அவர் மறுநாள்தான் பார்த்திருப்பார். அன்று மத்தியானமே ஆள் விட்டு இறக்கிவிட்டார் என்று, அங்கிருந்து வந்த பொன்னுத்தாய் அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

படத்தில் என்ன பிழை? எல்லாரும் போல போட்டோவை ஒட்டி, மாலை, வாள், சிங்கம் என்று நெருக்கிப் போடாமல், கோடு முதற்கொண்டு நானே டேப் திரையில் வரைந்தேன். விபூதி பூசி, விளக்கேற்றி, ஒரு கவளம் சாப்பிடாமல் உட்கார்ந்து வரைந்தேன். அண்ணன் சம்மணம் போட்டு இருக்கிறார். மடியில் பிரியா. வலது மூலையில் ஒரு குத்துவிளக்கு. பிள்ளையின் ஆரஞ்சுப் பாவாடைக்கும் முகத்துக்கும் மட்டும் நிறம், மற்றதெல்லாம் சாம்பல். பார்த்தவுடன் கண் பிள்ளையிடம் போக வேண்டும் என்று அப்படிச் செய்தேன்.

மாசி இருபத்தாறில் விழா. அண்ணன் மடி இல்லாமல் என் பிள்ளைக்கு எப்படிக் காது குத்துவது? எங்க வீட்டுக்காரர் பக்கத்தில் இப்போதே பேச்சு ஆரம்பித்துவிட்டது. என் சித்தப்பா மகன் சோலை மல்லாங்கிணற்றில் இருக்கிறானே, முறைக்கு அவனும் மாமன்தானே, அவன் மடியில் வைத்தால் போயிற்று என்கிறார்கள். சோலை பட்டுச்சட்டை தைக்கக் கொடுத்துவிட்டதாகவும் கேள்வி.

என்ன நடந்தது என்று ஒரு வரி எழுதுங்கள் மதினி.

இப்படிக்கு
சங்கரி

---

திருச்சுழி
7.2.2025

சங்கரிக்கு மதினி தங்கபுஷ்பம் எழுதுவது.

தபால்காரர் உன் கடிதத்தைக் கடையில் கொடுக்காமல் வீட்டில் கொடுத்தது அம்மன் செயல். சனிக்கிழமை மத்தியானம் உங்க அண்ணன் வந்து, இனி அந்த வீட்டோடு போனில் பேச்சு வேண்டாம் என்று சொல்லி, என் போனையும் வாங்கி ஏதோ அமுக்கினாக. போனில் என்றுதான் சொன்னாக. தபாலைப் பற்றி அவுக வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவுக சொல்லை நான் தட்டினதில்லை. சொல்லாத சொல்லை நான் எப்படித் தட்ட முடியும்? அதனால் எழுதுகிறேன்.

என்ன கோபம் என்று எனக்கும் தெரியவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருக்கிறாக, வாய்க்குப் போக மாட்டேன் என்கிறது. நானாக யோசித்துப் பார்த்ததை எழுதுகிறேன்.

ஒன்று, பெயர். உன் வீட்டுக்காரரின் அண்ணன் பெயர் மேலே இருக்கிறது, தாய்மாமன் காசிராஜன் என்று கீழே இருக்கிறது. காதுகுத்து யாருடைய விழா? கடைத்தெருவில் உள்ளவர்கள் சும்மா இருப்பார்களா? 'என்ன அண்ணாச்சி, தங்கச்சி உங்களைக் கீழே இறக்கிட்டாளே' என்று எவனாவது கேட்டிருப்பான்.

அல்லது அந்த வெறும் இடமாக இருக்கலாம். படத்தில் பாதிக்கு மேல் ஒன்றுமே இல்லையே, ஏன்? அந்த இடத்தில் உங்க அம்மா, அப்பா, பெரியம்மா எல்லாரையும் வைத்திருக்கலாம். என்னையும் வைத்திருக்கலாம். நான் கேட்கவில்லை, சொல்கிறேன். பதினாறு வருஷமாக உங்க அண்ணனுக்குச் சோறு போடுகிறவள், பிரியாவுக்கு முதல் கொலுசு போட்டவள், ஒரு மூலையில் விரல் அளவுக்காவது வந்திருக்கக்கூடாதா? குத்துவிளக்குக்கு இடம் இருந்திருக்கிறது, அத்தைக்கு இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இறக்கின ஃபிளக்ஸை அவுக கிழிக்கவில்லை. சுருட்டி, உளுந்து மூட்டைக்குப் பின்னால் சாய்த்து வைத்திருக்கிறாக. பழைய ஃபிளக்ஸ் என்றால் இந்த ஊரில் விறகுக்கோ வத்தலுக்கோ மூடப் போய்விடும், உனக்குத் தெரியும். நான் வத்தல் மூட எடுக்கப் போனேன். "அதைத் தொடாத" என்று ஒரு அதட்டல். கோபம் என்றால் கிழிக்க வேண்டியதுதானே? பிடித்திருக்கிறது என்றால் கட்டி வைக்க வேண்டியதுதானே? ரெண்டும் இல்லாமல் இது என்ன கணக்கு?

பிரியாவுக்கு இருமல் தேவலையா? ஓமவல்லி கொடு.

தங்கபுஷ்பம்

---

துணைமாலையம்மன் துணை

அருப்புக்கோட்டை
11.2.2025

அன்புள்ள மதினிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு டேப்பைத் திறந்து, நீங்கள் சொன்ன ஒவ்வொரு இடத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் கூடியது.

பெயர் விஷயம் என் பிழைதான். எழுத்து பெரியதிலிருந்து சிறியதாக இறங்கி வர வேண்டும் என்பது பாடம். யார் பெயரைப் பெரிதாகப் போடுவது என்பதை எங்க வீட்டுக்காரர் சொன்னார், நான் போட்டேன். அதை மாற்ற ஒரு நிமிஷம் ஆகாது.

உங்களை வரையாததற்கு என்ன சொல்வேன்? எனக்குச் சொல்லித்தர ஆள் கிடையாது மதினி. பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகு வீடியோ பார்த்துப் படிக்கிறவள் நான். அதில் சொல்லித் தருகிற அம்மா முதல் பாடத்திலேயே, ஒரு படத்துக்கு ஒரே ராஜாதான் இருக்க வேண்டும் என்றார். எல்லாரும் ராஜா என்றால் கண் எங்கேயும் நிற்காமல் அலைந்துவிட்டு வெளியே போய்விடுமாம். நம்ம ஊர் ஃபிளக்ஸ்களை நினைத்துப் பார்த்தேன், சரிதான் என்று பட்டது. பிரியாதான் ராஜா என்று முடிவு செய்தேன். அதற்குப் பிறகு யாரைச் சேர்த்தாலும் பிள்ளை சின்னதாகிக்கொண்டே போனாள். உங்களை வரைந்தேன், மெய்யாகவே வரைந்தேன். அரக்குச் சேலையில் அண்ணனுக்குப் பின்னால் நின்றீர்கள். கண் பிள்ளையை விட்டுவிட்டு உங்கள் சேலைக்குப் போனது. எடுத்துவிட்டேன்.

விளக்கு வந்தது அலங்காரத்துக்கு இல்லை. இடது பக்கம் முழுக்க அண்ணனும் பிள்ளையுமாகக் கனம் ஏறிவிட்டது. நான் வீட்டுக் கணக்கு எழுதுகிறவள், ஒரு பக்கம் ஏறினால் மறுபக்கம் எதையாவது வைக்காமல் எனக்குத் தூக்கம் வராது. சின்ன விளக்குதான், ஆனால் தனியாக நிற்பதால் அதற்குக் கனம் உண்டு. வெறும் இடமும் அப்படித்தான். வெறும் இடத்துக்கும் சேர்த்துச் சதுர அடிக் கணக்கில் அச்சுக்கூலி கொடுக்க உனக்குப் பைத்தியமா என்று எங்க வீட்டுக்காரரே கேட்டார். கோடையில் நம்ம கரிசல் காட்டில் ஒற்றை ஆள் நடந்து போனால் ரெண்டு மைலுக்குத் தெரியும் இல்லையா, அதே ஆள் திருவிழாவில் நின்றால் பக்கத்தில் இருந்தாலும் தெரியாது என்றேன்.

நிறத்தை எடுத்ததும் அதற்குத்தான். அண்ணனை முதலில் முழு நிறத்தில்தான் வரைந்திருந்தேன். வெள்ளைச் சட்டை, தோளில் பச்சைத் துண்டு. காதோரத்து மச்சம்கூட விடவில்லை. துண்டின் பச்சை பாவாடையோடு சண்டை போட்டது. நிறத்தை எடுத்ததும் அண்ணன் அமைதியாகிவிட்டார், பிள்ளை விளக்கு மாதிரி எரிந்தாள். அந்த நேரத்தில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது மதினி. அம்மன்தான் காட்டிக் கொடுத்தாள் என்று டேப்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

சமநிலை இருக்கிறது, இடைவெளி இருக்கிறது, ராஜா இருக்கிறான். பாடத்தில் சொன்னதெல்லாம் இருக்கிறது. அண்ணன் மட்டும் இல்லை. எதில் பிழை என்று தெரிந்தால் அவர் காலில் விழுந்துவிடுவேன். எதற்கு விழுகிறேன் என்று தெரியாமல் எப்படி விழுவது?

நேற்று எங்க வீட்டுக்காரர் சோலையிடம் பேசிவிட்டார். அவன் மடி எனக்கு எதற்கு? எனக்குக் காது குத்தும்போது மாமா இல்லாததால் சின்னப் பையனாக இருந்த அண்ணன்தான் என்னை மடியில் வைத்துப் பிடித்தார். வலித்ததில் அவர் கையைக் கடித்துவிட்டேன். அந்தத் தழும்பைக்கூடப் படத்தில் வைத்திருக்கிறேன். அவர் கவனித்தாரா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.

சங்கரி

---

திருச்சுழி
16.2.2025

சங்கரிக்கு,

இதை எப்படி எழுதுவது என்று மூன்று நாளாகத் தாளை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். நான் பெயர், வெறும் இடம் என்று உளறினதெல்லாம் இல்லை. கோபமே இல்லை. கேள்.

அந்தச் சனிக்கிழமை காலையில், நரிக்குடியிலிருந்து உளுந்து கொண்டுவருவாரே காளீஸ்வரன், அவர் பஸ்ஸை விட்டு இறங்கி ஃபிளக்ஸைப் பார்த்திருக்கிறார். பார்த்த சூட்டோடு பூக்கடைக்குப் போய் ரோஜாமாலை ஒன்று வாங்கிக்கொண்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நேரே கடைக்கு வந்துவிட்டார். உங்க அண்ணன் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாக. மாலையோடு வந்த மனுஷன் வாசலிலேயே விறைத்துப்போய் நின்றுவிட்டாராம்.

"அண்ணாச்சி, அப்ப எதுக்க ஃபிளக்ஸ்ல இருக்கிறது யாரு?" என்று கேட்டாராம்.

இப்போது உனக்கு விளங்குகிறதா? நம்ம ஊர் ஃபிளக்ஸில் நிறம் இல்லாமல் சாம்பலாக யாரைப் போடுவார்கள்? கல்யாணமோ சடங்கோ எதுவானாலும், செத்துப்போன தாத்தாவையும் பெரியப்பாவையும்தானே மேலே சாம்பலாகப் போட்டு, தெய்வத்திரு என்று எழுதுவார்கள்? பிள்ளைக்கு நிறம், மாமனுக்குச் சாம்பல். பார்த்தவனெல்லாம் என்ன நினைப்பான்? செத்த மாமன் நினைவாகக் காது குத்துகிறார்கள் என்றுதான் நினைப்பான். நானும் அதை வெள்ளிக்கிழமை இருட்டில் பார்த்ததால் எனக்கே உறைக்கவில்லை.

உங்க அண்ணன் அப்போது சிரித்துவிட்டாக. மாலையை வாங்கிக் கடைப் பிள்ளையாருக்குப் போட்டு, வந்தவருக்கு ஒரு கலர் சோடா உடைத்துக் கொடுத்து அனுப்பிவிட்டாக. அதோடு போயிருந்தால் ஊர் சிரிக்கிற ஒரு கதைதான். ஆனால் அதற்குப் பிறகுதான் ஆளை விட்டு இறக்கச் சொன்னதும், போனை அமுக்கினதும்.

நீ எழுதினதில் அந்தத் தழும்பு சங்கதியை வியாழக்கிழமை சாப்பிடும்போது கேட்டேன். உன் கடிதம் வந்த சங்கதியும் அதனால் அவுகளுக்குத் தெரிந்துபோயிற்று, போகட்டும். கையைத் திருப்பித் தழும்பைப் பார்த்தாக. பிறகுதான் வாயைத் திறந்தாக. கார்த்திகையில் மூட்டை தூக்கும்போது நெஞ்சைப் பிடித்ததாம். அங்கே அருப்புக்கோட்டைக்கு வந்து டாக்டரைப் பார்த்திருக்கிறாக. மதுரைக்குப் போய்ச் சோதனை செய்யச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். சீட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவுக, எனக்குச் சொல்லவில்லை, உனக்குச் சொல்லவில்லை, சோதனைக்கும் போகவில்லை.

"இது யாருக்கும் தெரியாது. அவ எப்படி வரைஞ்சா? அம்மன் கையப் பிடிச்சு வரைய வச்சான்னு அவளேதான் சொன்னா. அவ பொய் சொல்ல மாட்டா."

இதுதான் அவுக சொன்னது, ஒரு எழுத்து கூட்டாமல் எழுதியிருக்கிறேன். சாவுக்கு நாள் குறிக்கப்பட்டவன் மடியில் பிள்ளையை வைத்தால் பிள்ளைக்கு ஆகாது, அதனால் கோபம் மாதிரி இருந்துவிட்டால் சோலை மடியில் வைத்துக்கொள்வார்கள் என்று நினைத்திருக்கிறாக. மதுரைக்குப் போவோம் என்றால், அம்மன் சொன்னதைத்தானே அவனும் சொல்லுவான், எதற்கு வீண் செலவு என்கிறாக.

உன்மேல் கோபப்படவும் முடியவில்லை, படாமல் இருக்கவும் முடியவில்லை. நீ சாமி கும்பிட்டு வரைகிறவள், உனக்கு ஏதாவது தோன்றித்தான் சாம்பல் அடித்தாயா? உண்மையைச் சொல்.

தங்கபுஷ்பம்

---

அருப்புக்கோட்டை
19.2.2025

மதினி,

மேலே அம்மன் துணை என்று எழுதக் கை வரவில்லை. எழுதாமல் விட்டதும் பயமாக இருக்கிறது. அவளுக்குத் தெரியும்.

காளீஸ்வரன் மாலையோடு வந்ததைப் படித்ததும் முதலில் சிரித்துவிட்டேன். அடுத்த வரியில் சிரிப்பு நின்றுவிட்டது. ஆயிரம் ஃபிளக்ஸ் பார்த்தவள் நான். எங்க மாமனாரையே சாம்பலாகப் போட்டு இந்தத் தெருவில் கட்டியிருந்தோம். என் கண் அதை எப்படி மறந்தது? நான் ஓவியம் வரைந்துகொண்டிருந்தேன் மதினி. ஊர் ஃபிளக்ஸ் பார்த்தது.

பூஜை அறையில் உட்கார்ந்து கேட்டேன். தாயே, நீ வரைந்தாயா, நான் வரைந்தேனா? நீ வரைந்தாய் என்றால் என் அண்ணன் உயிருக்கு ஏதோ சொல்கிறாய். நான் வரைந்தேன் என்றால், நல்லது வரும்போது உன் பெயரைச் சொல்லிவிட்டுக் கெட்டதுக்கு மட்டும் என் பெயரைச் சொல்கிறேன். இரண்டில் எதைச் சொன்னாலும் பிசகுகிறது. எழுந்து போய் உலை வைத்தேன், அரிசி களைந்தேன், அப்போதும் விளங்கவில்லை. இப்போதும் முழுசாக விளங்கவில்லை. தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன், அண்ணனிடம் படித்துக் காட்டுங்கள்.

டேப்பில் வரைவது காகிதத்தில் வரைவது போல இல்லை அண்ணே. கண்ணாடி மாதிரித் தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வரைவது. கீழ்த் தாளில் தரை. அதற்குமேல் தாளில் நீங்கள். அதற்கும் மேலே பிள்ளை. ஒரு தாளைத் தொட்டு மறைக்கலாம், திரும்பக் கொண்டுவரலாம், மற்றவை அழியாது. உங்களைச் சாம்பலாக்க நான் உங்கள் நிறத்தை அழிக்கவில்லை. உங்கள்மேல் சாம்பலாகக் காட்டுகிற தாள் ஒன்றைப் போர்த்தினேன். அவ்வளவுதான். அது இன்னும் டேப்பில் இருக்கிறது. மதினி எழுதினதைப் படித்த கையோடு திறந்து அந்த ஒரு தாளை மறைத்தேன். கீழே நீங்கள் அப்படியே இருக்கிறீர்கள். பச்சைத் துண்டு, மச்சம், கையில் என் பல் தடம், எதுவும் போகவில்லை.

அந்தச் சாம்பல் தாளைப் போட்டது எந்தக் கிழமை, எந்த வேளை என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. காலையில் விளக்கேற்றி வரைந்தது மடியை. உங்கள் மடி எப்படி இருக்கும் என்று யோசிக்கக்கூட இல்லை, கை தானாகப் போனது. அதை அம்மன் வரைந்தாள் என்று இன்றைக்கும் சொல்வேன். சாம்பல் அப்படி வரவில்லை. சாயங்காலம், அடுப்பில் குழம்பு கொதிக்க, கான்ட்ராஸ்ட் என்கிற நிற வேறுபாட்டுப் பாட வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, அந்த அம்மா செய்ததைப் போலவே செய்து பார்த்தேன். அப்போது நான் கும்பிடவும் இல்லை, நினைக்கவும் இல்லை. கை கழுவக்கூட இல்லை. முடித்துப் பார்த்துக் கண்ணீர் வந்த பிறகுதான் அம்மன் என்று டேப்பைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். மடி அம்மன் போட்டது, சாம்பல் நான் போட்டது. உங்களிடம் சொல்லும்போது இரண்டையும் சேர்த்து அம்மன் என்று சொல்லிவிட்டேன்.

மதினி, ஸ்டுடியோவில் கொடுத்து இரண்டு படமும் அட்டையில் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். ஒன்று சாம்பல் தாளோடு, ஒன்று அது இல்லாமல். பாடப்படி பார்த்தால் இரண்டாவது கெட்டுப்போன படம். ராஜா இரண்டாகிவிட்டது. துண்டும் பாவாடையும் சண்டை போடுகின்றன. போடட்டும்.

அண்ணன் வராவிட்டால் பிரியாவுக்குக் காது குத்தப் போவதில்லை என்று எங்க வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். சோலை சட்டை தைத்துவிட்டானே என்றார். அவன் சட்டைக்காகப் பிள்ளை காதைக் குத்த முடியாது என்றேன். பெரிய சண்டையாகிவிட்டது, அது கிடக்கட்டும். மதுரைச் சீட்டை முதலில் அண்ணன் பையிலிருந்து எடுங்கள். என் சாம்பலுக்கும் அந்தச் சீட்டுக்கும் சம்பந்தம் இல்லை. இருக்கிறது என்று அவர் பிடிவாதம் பிடித்தால், போகச் சொல்லத்தான் அம்மன் அப்படிக் காட்டினாள் என்று வைத்துக்கொள்ளட்டும். எதை நம்பியாவது போகட்டும்.

சங்கரி

---

திருச்சுழி
1.3.2025

சங்கரிக்கு,

உன் கடிதத்தை நான் படித்துக் காட்டவில்லை. அவுக கையிலேயே கொடுத்துவிட்டேன். கடையில் உட்கார்ந்து படித்தாக. பிறகு ரெண்டு அட்டையையும் எலக்ட்ரானிக் தராசில் ஒன்று மாற்றி ஒன்று வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாக. உனக்கே தெரியும், அவுகளுக்கு எதையும் அதில் வைக்காமல் பார்க்கத் தெரியாது. நான் காப்பி கொண்டுபோனபோது நிமிராமலே, "ரெண்டும் ஒரே எடைதான் காட்டுது" என்றாக.

மறுநாள் காலையில் குளித்து, சீட்டைத் தானாகவே எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நின்றாக. மதுரைக்குப் போனோம். நெஞ்சு ரத்தக்குழாயில் ஒன்று சுருங்கியிருக்கிறதாம். இப்போதைக்கு மாத்திரை போதும், மூட்டை தூக்கக்கூடாது, மூன்று மாதம் கழித்துத் திரும்ப வர வேண்டும் என்று சொன்னார்கள். எல்லாம் சொல்லி முடித்த பிறகு உங்க அண்ணன் டாக்டரிடம், "பிள்ளையை மடியில வைக்கலாமா?" என்று கேட்டாக. எந்தப் பிள்ளை, எத்தனை கிலோ என்று டாக்டர் கேட்டார். அவருக்கு எங்கே விளங்கப் போகிறது? காதுகுத்து என்று நான் சொன்னதும், அழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது போதும் என்றார். பயமெல்லாம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ராத்திரி எழுந்து உட்காருகிறாக. ஆனால் சாப்பிடுகிறாக.

ரெண்டு படத்தையும் அடுக்களையில் சாய்த்து வைத்து நானும் பார்த்தேன். நீ சொன்னது சரிதான், சாம்பல் படத்தில் கண் நேரே பிரியாவிடம் போகிறது. நிறப் படத்தில் என் கண் துண்டுக்கும் பாவாடைக்கும் அலைந்துகொண்டே இருந்தது, யார் ராஜா என்று எனக்குப் பிடிபடவில்லை. அவுகளைக் கூப்பிட்டு, உங்க கண் முதலில் எங்கே போகிறது என்று கேட்டேன். "பிள்ளைகிட்டதான், வேற எங்க போகும்?" என்றாக. அப்புறம் எந்தப் பாடம் சரி, எது பிழை என்று நீயே யோசித்துக்கொள். எனக்குத் தலை சுற்றுகிறது.

நிறப் படத்தையே புதிதாக அடித்து இங்கே கட்டச் சொல்கிறாக. மீசை மட்டும் கொஞ்சம் நரையாக இருக்கிறதாம், அதையும் கறுப்பாக்கிவிட வேண்டுமாம். படத்தில் சாம்பல் ஒரு சொட்டு இருக்கக்கூடாது என்று உத்தரவு. காளீஸ்வரன் வேறு தினமும் வந்து உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போகிறார். அவரை முதல் பந்தியில் உட்கார வைக்க வேண்டும். சோலையிடம் வருத்தம் வேண்டாம் என்று சொல், பட்டுச்சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்று சந்தனம் கொடுக்கட்டும்.

பழைய ஃபிளக்ஸை என்ன செய்ய என்று கேட்டேன். இப்போது வத்தலுக்கு மூடிக்கொள் என்றாக. நான் படம் மேலே தெரிகிற மாதிரி விரித்தேன். பார்த்துக்கொண்டு நின்றவுக வந்து, பிள்ளை முகத்தில் வெயில் படாமல் உள்பக்கமாகத் திருப்பிப் போட்டுவிட்டுப் போனாக.

போனில் உன்னைத் தடுத்து வைத்ததை எடுக்க அவுகளுக்குத் தெரியவில்லை. எதை அமுக்கினோம் என்று ஞாபகம் இல்லையாம். விழாவுக்கு வரும்போது மாப்பிள்ளையிடம் கொடுத்துத்தான் சரி செய்ய வேண்டும். அதுவரை தபால்தான்.

என்னை வரைந்து எடுத்துவிட்டாய் என்று எழுதியிருந்தாயே. அந்தத் தாளும் டேப்பில் இருக்கிறதா? கேட்கவில்லை, சும்மா எழுதினேன்.

இந்தக் கடிதத்தை ஒட்டப் போகும்போது வாங்கி வைத்துக்கொண்டு, கீழே ரெண்டு வரி அவுகளே எழுதியிருக்கிறாக.

தங்கபுஷ்பம்

சங்கரி, தழும்பு வலது கையில் இல்லை, இடது கையில். மாற்றிப் போடு. மடியை இன்னும் கொஞ்சம் அகலமாக வரை. பிள்ளை வளர்ந்துவிட்டாள். காசி.